கண்ணாடி உடைந்த தேதிகள்

ஜனவரி 7, செவ்வாய்

பெயின்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. வருஷா வருஷம் பொங்கலோடு நின்றுவிடும். இந்த வருஷம் சித்திரை வரையாவது எழுதுவதாகப் பிரமுவிடம் சொன்னேன். என் மனைவி என்னை அறிந்தவள். "மொத பக்கத்துல பால் கணக்கு எழுதிக்கிடுதேன், மிச்சம் வீணாப் போகக் கூடாதுல்லா" என்றாள்.

என்னைப் பற்றி: ஆறுமுகநயினார், வயது ஐம்பத்து மூன்று. சாமி படங்களுக்கும் செத்தவர்கள் படங்களுக்கும் சட்டம் போடும் கடை. சாயங்காலமானால் பட்டிமன்றம், நகைச்சுவைப் பேச்சு. இதுபோக செங்கரை கலாமன்றத்தின் கௌரவச் செயலாளர். கௌரவ என்றால் சம்பளம் கிடையாது, வசவு உண்டு.

இன்று மாநகராட்சிப் பொறியாளர் ஜெபக்கனி வந்தார். எல்லாம் மானியத்துக்காக. மாநகராட்சி ஆண்டுதோறும் ஊரிலுள்ள 'பெரிய கலை அமைப்பு'களுக்கு நடைமுறைச் செலவு மானியம் தருகிறது. கரண்ட், தண்ணீர், ஏழு பேர் சம்பளம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பெரிய அமைப்பு என்றால் அறுநூறு இருக்கையுள்ள சொந்த அரங்கம் வேண்டும். எங்களுக்குக் கீழே நானூற்று இருபது, பால்கனியில் நூற்று எண்பது. பால்கனியைக் கழித்தால் நாங்கள் சின்ன அமைப்பு. சின்ன அமைப்புக்கு மாநகராட்சி தருவது ஒரு பொன்னாடை.

பால்கனியைத் தாங்குகிற உத்தரத்தில் இடது ஓரமாக ஒரு விரிசல். ரொம்ப நாளாக இருக்கிறது. ஜெபக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு (ஏழு மாதமாம்) அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் இரண்டு விரல் அகலக் கண்ணாடித் துண்டு கேட்டார். கண்ணாடிக்காரனிடம் கண்ணாடியா இல்லை? அவரோடு வந்த கொத்தனார் ஏணியில் ஏறி, விரிசலுக்குக் குறுக்கே அதை வைத்து இரு முனையிலும் சிமென்ட் பூசினார். மேலே சிவப்பு பெயின்டில் 7-1 என்று எழுதினார்கள்.

"கண்ணாடி வளையாது சார். விரிசல் ஒரு நூல் நகந்தாலும் உடைஞ்சிரும். உடையலன்னா அது பழைய விரிசல், பயமில்ல. மார்ச் பன்னெண்டு ஆய்வு. அது வரைக்கும் அப்படியே இருந்தா மானியம்."

"உடைஞ்சா?"

"அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும் சார். பால்கனிய பூட்டிரணும்."

நல்ல பெண். கொஞ்சம் சிரித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. எங்கள் மன்றத் தலைவர் தளவாய் வீட்டில் மேற்கே பொங்கியதாகக் கேள்வி. கரும்பு தின்று பல்லில் ஒரு சில் போயிற்று.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றிவிட்டு உள்ளே போனேன். கண்ணாடி உடைந்திருக்கிறது. நடுவில் தலைமுடி போல ஒரு கோடு.

வெளியே பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியம் அரை மணி நேரம் அடித்தார்கள். அந்த அடிக்கு என் பல்லே ஆடியது. கண்ணாடி என்ன செய்யும்?

ஜனவரி 27, திங்கள்

மாற்றிவிட்டேன். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் ஏணி போட்டு, பழைய சிமென்டைச் சுரண்டி, புதுத் துண்டை வைத்துப் பூசினேன். சிவப்பு பெயின்டில் 7-1 எழுதினேன். கொத்தனாரின் கையெழுத்தை விட என்னுடையது அழகு என்பதால் வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக எழுத வேண்டியிருந்தது.

போன் பண்ணலாமா என்று யோசித்தேன். பேண்டு வாத்தியத்துக்காக ஒரு கர்ப்பிணியைத் தொந்தரவு செய்வதா?

பிரமு: "வேட்டியில என்ன சிமென்ட்டு?"

"மன்றத்துல வேலை."

"பேசுத வேலைக்கு சிமென்ட்டு எதுக்கு?"

பிப்ரவரி 3, திங்கள்

ஜெபக்கனி போன் செய்தார். நாளை முதல் பிரசவ லீவு. "கண்ணாடி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். "முழுசா இருக்கும்மா" என்றேன். இதில் பொய் கிடையாது. எந்தக் கண்ணாடி என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

மறுபடியும். நேற்று தவில் கச்சேரி நடந்தது. வித்வான் எப்பேர்ப்பட்ட கை! மாற்றிவிட்டேன். 7-1.

நடைமுறைச் செலவு மானியத்தைப் பற்றி நேற்று கவுன்சிலில் ஒருவர், "டான்சுக்கும் டிராமாவுக்கும் எதுக்குய்யா பணம், எங்க வார்டுல சாக்கடையே ஓடல" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. எங்கள் கச்சேரிகள் சிலவற்றைக் கேட்டவன் என்ற முறையில் சாக்கடைக்கே என் ஓட்டு. ஆனால் ஏழு பேர் சம்பளம் இருக்கிறதே. அரங்கக் காவலர் மாசானம் இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டடத்திலேயே கிடக்கிறான். அவன் மகள் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம். மானியம் நின்றால் முதலில் வீட்டுக்குப் போகிறவன் அவன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மறுபடியும். இந்த முறை எந்த வாத்தியமும் இல்லை. ஒரு வாரமாக அரங்கில் ஒரு நிகழ்ச்சியும் இல்லை.

வெயில் ஏறுகிறது. வெயிலில் கண்ணாடி உடையும். மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

போய்ப் பார்த்தேன். முழுசாக இருக்கிறது! ஆறு நாள். தேங்காய் உடைக்க நேர்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

முழுசு. விரிசல் ஓய்ந்துவிட்டது. கட்டடமும் மனுஷன் மாதிரிதான். கொஞ்ச நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகும், அப்புறம் பழகிக்கொள்ளும்.

பால்கனிக் கதவு தரையில் உரசித் திறக்க மாட்டேன் என்கிறது. மாசானம் அடிப்பக்கத்தை இழைப்புளி போட்டு இழைத்தான். மழைக்காலத்தில் மரம் உப்புவது சகஜம்.

(இது மழைக்காலம் இல்லை என்று பிரமு சொல்கிறாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு குற்றம்.)

மார்ச் 1, சனி

முழுசு. ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தேன். சிமென்ட் கொஞ்சம் ஈரமாக இருந்தது. காலைப் பனி. என் கடைக் கண்ணாடி வெள்ளையாக இருக்கும், இது ஓரத்தில் பச்சை ஓடினாற்போலத் தெரிந்தது. கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். 7-ன் வால் வளைந்திருந்தது. எழுதும்போது என் கை நடுங்கியிருக்கும்.

பால்கனி முதல் வரிசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து, தானாக உருண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. எடுத்து வந்து வைத்தேன். மறுபடியும் போயிற்று. நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, கையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். பாட்டிலின் அடிப்பாகம் சரியில்லை. இப்போதெல்லாம் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

மார்ச் 5, புதன்

இதை ஒரே மூச்சில் எழுதிவிட வேண்டும்.

காலை ஏழரைக்கு மன்றத்துக்குப் போனேன். நாற்காலி வாடகைக்காரனுக்குச் சாவி கொடுக்க. உள்ளே ஏணி நின்றது. ஏணியின் மேல் மாசானம். அவன் கையில் சிமென்ட் பூசும் கரணை. வாயில் ஒரு கண்ணாடித் துண்டு, நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி. என்னைப் பார்த்ததும் இறங்கவும் தெரியாமல் ஏறவும் தெரியாமல் நின்றான்.

"என்னல செய்யுத?"

கண்ணாடியை வாயிலிருந்து எடுத்தான். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உடைஞ்சு கெடந்துச்சு. நீங்க பாத்தா வெசனப்படுவியளேன்னு..."

"இதான் மொத தடவையா?"

இறங்கி வந்து, மீட்டர் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினான். உள்பக்கம் சாக்பீஸால் வரிசையாக எழுதியிருந்தான். பிப்ரவரி 21. 25. 28. மார்ச் 2. 4. இன்றைய 5-ஐ இன்னும் எழுதவில்லை.

"ஏன் எழுதி வச்ச?"

"தெரியல அண்ணாச்சி. எழுதாம இருக்கப் பயமா இருந்துச்சு."

ஜன்னல் கண்ணாடிக்காரனிடம் வெட்டு மிச்சம் வாங்கியிருக்கிறான். அதனால்தான் பச்சை. நான் மாற்றுவதை முதல் தடவையே பார்த்துவிட்டானாம். "அண்ணாச்சியே செய்யுதாவன்னா அது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான். அப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். நான் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று நினைவில்லை. இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

கடையில் உட்கார்ந்து என் தேதிகளையும் அவன் தேதிகளையும் சேர்த்து எழுதினேன்.

ஜனவரி 26, பிப்ரவரி 8, 16, 21, 25, 28, மார்ச் 2, 4, 5.

பத்தொன்பது நாள். பதின்மூன்று. எட்டு. ஐந்து. நாலு. மூன்று. இரண்டு. இரண்டு. ஒன்று.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். மாதர் மன்றம் ஏற்பாடு செய்த பட்டிமன்றம், நான் நடுவர். 'குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் சமையலா, சம்பளமா?' இந்தத் தலைப்பில் இது எனக்கு முப்பதாவது தீர்ப்பு.

பால்கனிக்கு மகளிர் குழுப் பெண்கள் நூற்றிருபது பேர். பிரமுவின் குழு முப்பத்திரண்டு பேரும் அதில் சேர்த்தி. பால்கனியில்தான் காற்று வரும் என்று எல்லோருக்கும் தெரியும். படிக்கட்டின் கீழ் நின்று கையை விரித்தேன்.

"மேல போகாதீங்கம்மா! கதண்டு கூடு கட்டியிருக்கு!"

அற்புதமாக வேலை செய்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் பத்து பேராவது "எங்க, காட்டுங்க" என்று மேலே போயிருப்பார்கள். ஆளையே சாய்க்கும் குளவியாச்சே, கதண்டு என்றதும் ஒருத்தி செருப்பைக்கூட விட்டுவிட்டுத் திரும்பினாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து எல்லோரையும் கீழேயே உட்கார வைத்தோம். மேடை ஏறும்போது எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

இரண்டாவது பேச்சாளர் சம்பளத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்தேன். பின்பக்கம் கூடுதல் நாற்காலிகள். பிரமு கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து யாருடைய வளையலையோ திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே பால்கனி.

மேலே உட்கார வேண்டிய நூற்றிருபது பேரையும் நான் அதற்கு அடியில் உட்கார வைத்திருந்தேன்.

எழுந்து மைக்கைப் பிடித்தேன். இன்னும் நாலு பேர் பேச வேண்டும். "தீர்ப்பு!" என்றேன். "சமையல்தான்! எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சமைங்க!" கூட்டம் சிரித்தது. பேச வேண்டிய நாலு பேரும் சிரிக்கவில்லை. அதில் ஒரு அம்மாள் பஸ் ஏறி வந்தவர், முகத்துக்கு நேராகக் கேட்டார்: "தலைவலின்னா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, இது என்ன கேவலம்?"

கூட்டம் கலைய இருபது நிமிடம் ஆயிற்று. எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஜெபக்கனிக்கு போன் செய்தேன். ஆண் குழந்தை, மூன்று கிலோ. வாழ்த்துச் சொன்னேன். பெயர் கேட்டேன். யார் ஜாடை என்று கேட்டேன். குழந்தை உலகத்தில் பேச எவ்வளவு இருக்கிறது! கடைசியில் அவரே கேட்டார்.

"சார், கண்ணாடியா?"

சொன்னேன். எத்தனை தடவை என்றார். ஒன்பது என்றேன். தேதி இருக்கா என்றார். வாசித்தேன். பின்னால் குழந்தை அழுதது, யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம்.

"மேடம்?"

"மேலயும் யாரையும் விடாதீங்க சார். கீழயும் விடாதீங்க. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே யாரையும் விடாதீங்க."

"நீங்க ஒரு ஆர்டர் போட்டுட்டா..."

"நான் லீவுல இருக்கேன். என் எடத்துல வேற ஆள். நீங்கதான் சார் சொல்லணும். அந்தத் தேதி எல்லாம் எழுத்துல இருக்குல்ல? உத்தரம் எப்படிப் போகுதுன்னு அதுக்கு மேல சாட்சி வேணாம். கலெக்டர்கிட்டயே குடுங்க."

"கண்டிப்பாம்மா" என்றேன்.

"சரி சார்" என்று போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

எழுத்தில் கொடுப்பது என்றால் என்ன? செங்கரையில் நாற்பது மேடையில் நேர்மையைப் பற்றிப் பேசிய ஆறுமுகநயினார், அரசாங்க முத்திரையைப் போலவே ஒன்பது கண்ணாடியில் தேதி எழுதி ஏமாற்றினான் என்று நானே கையெழுத்துப் போடுவது. (ஆறு மாசானம் எழுதியது. ஆனால் அவனுக்குக் கற்றுக் கொடுத்தது நான்.)

மார்ச் 11, செவ்வாய்

தலைவர் தளவாயிடம் போனேன். பாத்திரக்கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முடிவில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"உமக்கு ஒழுங்காக் கண்ணாடி ஒட்டத் தெரியல வே! அதுக்கு உத்தரம் என்ன செய்யும்?"

"தளவாய் அண்ணாச்சி, வெளையாட்டு இல்ல. அது இறங்குது."

"அறுபத்தெட்டுல கட்டினது. எங்கப்பா நின்னு கட்டினாரு. இறங்குதாம்ல! நாளைக்கு ஆய்வு. திங்கக்கிழமை மேயர் கையால மானியம். நம்ம அரங்கத்துலதான் விழா. கமிஷனரே சொல்லிட்டாரு, அறுநூறு சீட்டும் நெறையணும், போட்டோல பால்கனி தெரியணும்னு. இப்பப் போயி..." குரலைத் தாழ்த்தினார். "நீரு வீட்டுக்குப் போயித் தூங்கும். கண்ணாடிய நான் பாத்துக்கிடுதேன்."

நான் வீட்டுக்குப் போனேன். தூங்கவும் செய்தேன். அதையும் எழுத வேண்டும்.

மார்ச் 12, புதன்

ஆய்வு. நாலு பேர் வந்தார்கள். ஜெபக்கனியின் இடத்தில் இருக்கும் பொறியாளர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "உடையல" என்றார். மற்றவர்களும் பார்த்தார்கள். உடையவில்லை. எழுதினார்கள்.

நானும் பார்த்தேன். முப்பது வருஷம் கண்ணாடி வெட்டியவன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, அது கண்ணாடி இல்லை. அக்ரிலிக். விருதுக் கேடயம் செய்கிற பிளாஸ்டிக் தகடு. அது உடையாது.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு எல்லோருக்கும் காபி வந்தது. நானும் குடித்தேன். நல்ல காபி.

மார்ச் 13, வியாழன்

ஏணி போட்டு ஏறினேன். அக்ரிலிக் உடையவில்லை. நடுவில் வில்லைப் போல் வளைந்து நிற்கிறது. ஒரே நாளில்.

மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பொறியாளரைப் பார்த்தேன்.

"சார், அது கண்ணாடி இல்ல."

"நேத்து நானே பாத்தேனே. உடையல."

"அதான் சார். கண்ணாடியா இருந்தா உடைஞ்சிருக்கும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நீங்க டிவியில பேசுறவர்தானே? மாமியார் ஜோக் சொல்வீங்களே! என் ஒய்ஃப் உங்க ஃபேன்." பக்கத்து நாற்காலிக்காரர்களையும் கூப்பிட்டார். "கண்ணாடியா இருந்தா உடைஞ்சிருக்குமாம்! கேட்டீங்களா!" எல்லோரும் சிரித்தார்கள். என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்தில் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பழக்க தோஷம்.

மார்ச் 15, சனி

அழைப்பிதழ் வந்துவிட்டது. திங்கள் மாலை ஐந்து மணி. வரவேற்புரை: நான். வார்டுக்கு ஒரு பஸ். மகளிர் குழுக்களுக்குப் பால்கனி.

மாசானத்திடம் பால்கனிச் சாவியைக் கேட்டேன். தலைவர் நேற்றே வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். "அண்ணாச்சி, மேல குப்பை பெருக்கும்போது ஒரு சத்தம் கேக்கு" என்றான்.

"என்ன சத்தம்?"

"முறுக்கு கடிக்கிற மாதிரி."

மார்ச் 16, ஞாயிறு

பிரமு அரக்குச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவள் குழு முழுக்க அரக்குச் சேலையாம். பால்கனியில் முதல் வரிசை.

"நீ நாளைக்கு வர வேண்டாம்" என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆச்சரியம் என்று ஏன் எழுதுகிறேன்? ஒன்றரை மாதமாக என் வேட்டியைத் துவைக்கிறவள் அவள்.

"எனக்கு மட்டுமா?" என்றாள்.

"என்ன?"

"இல்ல, நான் மட்டும் வர வேண்டாமா, இல்ல முப்பத்திரண்டு பேருக்கும் சொல்லட்டுமா? இல்ல பஸ்ஸுல வாரவளுவளுக்கும் சேத்தா? சொல்லுங்க, அதுக்குத் தக்கன போன் போடணும்லா?"

ஊரிலேயே வாய்க்காரன் என்று பேர் வாங்கியவன், சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

அவள் மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். "நாளைக்குத் திங்கக்கிழமை. கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாவ" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

கலெக்டர் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். குறைதீர்க்கும் நாள். டோக்கன் 186. இப்போது உள்ளே 71. மணி பதினொன்று பத்து.

வாசலில் போலீஸ் பையைச் சோதித்தார்கள். மண்ணெண்ணெய் பாட்டில் தேடுகிறார்கள். என் பையில் உடைந்த கண்ணாடித் துண்டுகள். மாசானம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தான், சாட்சிக்கு இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன். "என்னய்யா, கழுத்த அறுத்துக்கப் போறியா?" என்று கேட்டு மொத்தத்தையும் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள்.

வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் போனேன்.

"யார் மேல மனு?"

"என் மேலதான்."

பேனாவைக் காதில் சொருகிக்கொண்டார். "சொத்துத் தகராறுக்கு நூறு, பட்டாவுக்கு எண்பது. தன் மேல தானே மனு போடுறதுக்கு ரேட்டு கிடையாது சார். எனக்குப் பழக்கமில்ல."

ஆகவே மனுவை நானே எழுதினேன். நாலு வரி. பால்கனி விழப் போகிறது, கண்ணாடி ஒன்பது முறை உடைந்தது, மாற்றியது நான், இன்று மாலை விழாவை நிறுத்த வேண்டும். படித்துப் பார்த்தேன். பைத்தியக்காரன் எழுதியது போல இருக்கிறது. நானே கலெக்டராக இருந்தால் கிழித்துப் போடுவேன். தேதிகள் வேண்டும். அன்றன்றைக்கே எழுதிய தேதிகள், அவை இந்த டைரியில்தான் இருக்கின்றன. பொறுக்கிக் கிழித்துக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நான் இருக்கிறேன். பேண்டு வாத்தியம், பனி, தண்ணீர் பாட்டில். கிழித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கிழிக்காவிட்டால் என்னை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மணி ஒன்று. 102.

மணி இரண்டே கால். சாப்பாட்டுக்காக நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் பட்டா மனுவோடு ஒரு அம்மாள். டோக்கன் 139. ஏழாவது தடவை வருகிறாளாம். விஷயத்தைச் சொன்னேன். "அஞ்சு மணிக்கா?" என்றாள். தன் டோக்கனை என் கையில் வைத்து, என்னுடையதை எடுத்துக்கொண்டாள்.

பிரமு போன் செய்தாள். அவள் குழு முப்பத்திரண்டு பேரையும் வீட்டில் உட்கார வைத்துக் கேசரி கிண்டிக்கொண்டிருக்கிறாளாம். வார்டு பஸ்களை அவளால் நிறுத்த முடியவில்லை. தலைவர் தானே போய்ப் பால்கனியைத் திறந்துவிட்டாராம்.

மூன்றே முக்கால். 138 உள்ளே போகிறது. பேனாவை மூடுகிறேன். இதற்கு மேல் இந்த டைரி என்னுடையது இல்லை.

மார்ச் 17, மாலை ஆறு நாற்பது, அழைப்பிதழின் பின்பக்கத்தில்

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு. டைரி கலெக்டரிடம். பேனா மட்டும் என்னிடம்.

கலெக்டர் அம்மா மனுவைப் படிக்கும்போது நிமிரவில்லை. டைரியில் மார்ச் 5-ஆம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். பத்தொன்பது, பதின்மூன்று, எட்டு என்று விரலை வைத்துக்கொண்டே வந்து, ஒன்றில் நிறுத்தினார். "இன்னைக்கு என்ன தேதி?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். கேட்டுக்கொண்டே போனை எடுத்தார். ஜெபக்கனியிடம் இரண்டு நிமிடம் பேசினார். நாலு முப்பத்தைந்துக்கு அரங்கத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போயிற்று. என்னை விசாரணைக்கு இங்கே அனுப்பினார். டைரியைத் திருப்பித் தரவில்லை.

பால்கனியில் ஏற்கனவே தொண்ணூறு பேர் உட்கார்ந்துவிட்டார்களாம். இறக்கிவிட்டார்கள். பிறகு கீழே இருந்தவர்களையும். மேயர் காரிலிருந்தே இறங்கவில்லை. கூட்டம் முழுக்க இப்போது ரோட்டில் நிற்கிறது. தலைவர் என் பெயரைச் சொல்லி மைக்கிலேயே திட்டினாராம். ஒருவர் என் கடை ஷட்டரில் சாணி அடித்திருக்கிறார். கட்டடத்தை விட்டு வர மாட்டேன் என்ற மாசானத்தை வெளியே இழுத்து வர இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

அரை மணிக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் போனில் கேட்கிறார்: "என்னய்யா, விழுந்துச்சா?" கேட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார். விழவில்லை. ஐந்தரைக்கு விழவில்லை. ஆறுக்கு விழவில்லை. ஏட்டு சிரிக்கிறார். "யோவ், நீ சொன்ன ஜோக்குலயே இதான்யா பெரிசு" என்கிறார் இன்ஸ்பெக்டர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை டைரியில் எழுதியிருக்க மாட்டேன். ஆறு மணியிலிருந்து, அது விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். விழாவிட்டால் நான் கோமாளி. இருபத்தாறு வருஷம் மாசானம் பெருக்கிய கட்டடம், தளவாயின் அப்பா நின்று கட்டியது. ஊரில் எனக்குக் கிடைத்த கைதட்டலெல்லாம் அங்கே கிடைத்ததுதான். அது இடிந்து விழ வேண்டும் என்று ஒரு கௌரவச் செயலாளர் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வேண்டுகிறான்.

போன் வருகிறது.

எடுத்தார். இந்தத் தடவை விழுந்துச்சா என்று கேட்கவில்லை. எழுந்து நின்றார். ஏட்டும் எழுந்தார். நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், நிறுத்தினால் கேட்டுவிடும் போலிருக்கிறது.

"எப்ப?" என்றார். பிறகு, "முழுசாவா?" பிறகு, "உள்ள யாராவது..."

நீண்ட நேரம் காதில் வைத்திருந்தார். போனைக் கீழே இறக்கி, மேசையைச் சுற்றி வந்து, என் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உள்ள யாருமில்ல அண்ணாச்சி" என்றார்.